மருந்துப் பெட்டியில் ஆர்.எப்.ஐ.டி. சில்லு போலியைத் தடுக்குமா?

கேள்வி (களுவாஞ்சிக்குடி):
எனது மருந்தகத்துக்கு வரும் மருந்துகள் கொழும்பிலிருந்து இரண்டு மூன்று கைகள் மாறியே வந்து சேர்கின்றன. பெட்டியைப் பார்த்து மட்டும் எது உண்மையானது என்று உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. வாங்கிச் செல்பவர்களோ என்னை நம்பியே விழுங்குகிறார்கள். வானொலி அலை மூலம் பொருளை அடையாளம் காட்டும் ஆர்.எப்.ஐ.டி. சில்லை ஒட்டினால் இக்கவலை தீருமா?

பதில் (மட்டக்களப்பு):
ஐயா, சில்லு மட்டும் போதாது. மின்கலமில்லாத அச்சில்லு, வாசிப்புக் கருவி அனுப்பும் அலையிலிருந்தே சக்தி பெற்றுத் தன் தொடரிலக்கத்தைத் தெரிவிக்கிறது. உற்பத்தியாளர், இறக்குமதியாளர், மொத்த வியாபாரி ஆகிய அனைவரும் பெற்றதையும் அனுப்பியதையும் பொதுவான தரவுத்தளத்தில் பதிந்தால்தான், ஒரே இலக்கம் கல்முனையிலும் காலியிலும் ஒரே நாளில் தோன்றும்போது போலி பிடிபடும். என் கணிப்பில், அந்தப் பதிவு ஒழுங்குதான் இதன் உயிர்நாடி.

பதில் (அக்கரைப்பற்று):
களஞ்சியத்தில் வேலை செய்பவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். 860 முதல் 960 மெகாஹேர்ட்ஸ் வரையான அலைகளில் இயங்கும் சில்லுகளைச் சில மீற்றர் தொலைவிலிருந்தே, பெட்டியைத் திறக்காமல் வாசிக்கலாம். எனினும் நீர் அவ்வலைகளை உறிஞ்சுகிறது, உலோகம் தெறிக்கச் செய்கிறது. ஆகவே பாணிமருந்துப் போத்தல்களிலும் அலுமினிய உறையிலுள்ள குளிசைகளிலும் வாசிப்புத் தவறக்கூடும். 13.56 மெகாஹேர்ட்ஸ் சில்லு திரவத்தருகே நன்கு இயங்கும், ஆனால் கிட்டத்தில் வைத்தே வாசிக்க வேண்டும்.

பதில் (காத்தான்குடி):
செலவையும் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2019 பெப்ரவரியிலிருந்து பொதிகளில் கட்டாயமாக்கியது சில்லை அல்ல, அச்சிடக்கூடிய இருபரிமாணக் குறியீட்டையே (கியூ.ஆர். குறி போன்ற சதுரக் குறி). பெரிய அட்டைப்பெட்டிக்குச் சில்லும் சிறு பொதிக்குக் குறியீடும் நமக்குப் பொருந்தும். அதுவரை, விலைப்பட்டியலிலுள்ள தொகுதி இலக்கத்தைப் பொதியுடன் ஒப்பிடாமல் எதையும் தட்டில் அடுக்காதீர்கள்.