ஃபைல் காப்பி ஓடும்போது எடிட்டிங் டைம்லைன் நிற்கிறது: ஷெட்யூலரை மாற்றுவதா, டிஸ்க்கை மாற்றுவதா?

குடந்தை ஸ்டுடியோ: கும்பகோணத்தில் கல்யாண வீடியோ எடிட்டிங் கடை. லினக்ஸ் சர்வர், 7200 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 7200 சுற்று) சாட்டா டிஸ்க், 32 ஜிபி ரேம். மெமரி கார்டிலிருந்து காப்பி ஓடும் நேரத்தில் பையன் டைம்லைனை நகர்த்தினால் படம் விக்கி விக்கி வருகிறது, காப்பி முடிந்ததும் தானாகச் சரியாகிவிடும். ஆடி முடிந்து ஆவணி முகூர்த்தம் தொடங்குவதற்குள் வழி சொல்லுங்கள்.

தஞ்சை சர்வீஸ்: டிஸ்க்கைத் தூக்கிப் போடுங்க அண்ணே. 7200 ஆர்பிஎம் என்றால் ஒரு சுற்றுக்கு 8.33 மில்லிசெகண்ட், சராசரியாகப் பாதிச் சுற்று காத்திருக்கணும், படிக்கும் முனையான ஹெட் நகர்வது தனி. அங்கங்கே சிதறிக் கிடப்பதைப் படித்தால் விநாடிக்கு நூறு கோரிக்கை தாண்டுவதே கஷ்டம். 4 கேபி வீதம் கணக்குப் போட்டால் அரை எம்பி கூட இல்லை. எந்த டிரைவர் வந்தும் மோட்டாரை வேகமாகச் சுற்றவிட முடியாது.

மன்னை கெர்னல்: அந்தக் கணக்கு என் கட்சிக்குத்தான் சாட்சி. அதே டிஸ்க் வரிசையாகப் படித்தால் விநாடிக்கு 150 எம்பி தருகிறதே, மோட்டார் மாறிவிட்டதா என்ன? கோரிக்கைகள் போய்ச் சேரும் வரிசைதான் மாறியது. டிஸ்க்கின் சிறு துண்டுகளான செக்டார்களில் அடுத்தடுத்தவற்றை ஒன்றாகச் சேர்ப்பதும், ஹெட் போகும் திசையில் அடுக்குவதும் லினக்ஸின் மையமான கெர்னலின் வேலை, அதைச் செய்யும் பகுதிதான் ஷெட்யூலர். ஆனால் வெறுமனே அடுக்கினால் நம்மூர் வாய்க்கால் கதைதான், தலைமடை நிரம்பி வழியும், கடைமடை காய்ந்து கிடக்கும். அதற்காகத்தான் எம்கியூ-டெட்லைன் என்ற ஷெட்யூலர் படிப்புக்கு 500 மில்லிசெகண்ட், எழுத்துக்கு 5 விநாடி என்று கெடு வைக்கிறது. இவர் விஷயத்தில் அதுவும் போதாது. பிஎஃப்கியூ என்ற இன்னொரு ஷெட்யூலரைப் போட்டுப் பாருங்கள், ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனிப் பங்கு பிரித்துக் கொடுக்கும். கேட்பதற்கு முன்பே படித்து வைக்கும் ரீட்-அஹெட் 128 கேபியில் இருக்கும், அதையும் ஏற்றிவிடுங்கள், வீடியோ ஃபைலுக்கு அது பத்தாது.

தஞ்சை சர்வீஸ்: பிஎஃப்கியூ அடுத்த கோரிக்கை இதோ வரும் என்று டிஸ்க்கைச் சும்மா நிறுத்திக் காத்திருக்கும், மொத்த வேகம் அடிவாங்கும், அதையும் சேர்த்துச் சொல்லணும். அப்புறம் டிஸ்க்கே என்சிக்யூ என்ற தன் வசதி மூலம் 32 கட்டளை வரை வாங்கித் தானே அடுக்கிக்கொள்ளும். ஹெட் எங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரியும், கெர்னலுக்குத் தெரியாது. சுற்றும் தட்டே இல்லாத என்விஎம்இ எஸ்எஸ்டியில் இந்தத் தலைவலியே கிடையாது. சாட்டா டிஸ்க்கோடு பேசும் முறையான ஏஹெச்சிஐக்கு போர்ட் ஒன்றுக்கு ஒரே வரிசை, அங்கே 65,535 வரிசை வரை போகலாம். ஒற்றை வரிசையை வைத்து மல்லாட முடியாமல்தான் 2014-இல் கெர்னல் 3.13-இல் பல வரிசைகளைக் கையாளும் பிஎல்கே-எம்கியூ கொண்டுவந்தார்கள்.

மன்னை கெர்னல்: அந்த 32 இடத்தையும் காப்பியின் எழுத்துகளே அடைத்துக்கொண்டால் பையனின் ரீட் எங்கே நிற்கும்? வெளியேதான். உள்ளே யாரை விடுவது என்பதை டிஸ்க் முடிவு செய்வதில்லை. மொத்த வேகம் குறையும் என்கிறீர்கள், குறையட்டுமே, காப்பி ஓடுவதை யாரும் திரை முன்னால் உட்கார்ந்து பார்ப்பதில்லை.

ஆரூர் லேப்: இரண்டு பேரும் ரேமை மறந்துவிட்டீர்கள். எழுதவேண்டியது முதலில் ரேமில்தான் தேங்கும். அப்படித் தேங்குவதற்கு இயல்பான வரம்பு 20 சதவீதம், 32 ஜிபியில் கிட்டத்தட்ட 6 ஜிபி. அவ்வளவும் ஒரே மூச்சில் டிஸ்க்கில் இறங்கினால் எந்த ஷெட்யூலரும் திணறும். அந்த வரம்பைச் சில நூறு எம்பிக்கு இறக்குங்கள். ஒரு எச்சரிக்கை: வேகத்துக்காக, கேஷில் (டிஸ்க்கின் தற்காலிக நினைவகத்தில்) நிற்பதை நிரந்தரமாக எழுதச் சொல்லும் ஃப்ளஷ்ஷை நிறுத்தச் சொல்லி எவராவது வந்தால் கேட்காதீர்கள். நம்ம பக்கம் ஐப்பசி மழையில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, டிஸ்க்கின் கேஷில் நின்ற எழுத்து போனால் ஃபைல் சிஸ்டமே சிதையும்.

குடந்தை ஸ்டுடியோ: வரம்பை 256 எம்பி ஆக்கி, பிஎஃப்கியூவும் போட்டேன். டைம்லைன் இப்போது நிற்பதில்லை. ஆனால் காப்பி இழுக்கிறது. கேமராக்காரர் கார்டைக் கேட்டு வாசலிலேயே நிற்கிறார்.

தஞ்சை சர்வீஸ்: பார்த்தீங்களா, யாரும் காத்திருக்கவில்லையாம்! சின்ன என்விஎம்இ ஒன்று வாங்கிக் கார்டை அதில் இறக்குங்க, ராத்திரி பழைய டிஸ்க்குக்கு மாற்றிக்கலாம்.

மன்னை கெர்னல்: வாங்குங்கள், தடுக்கவில்லை. ஆனால் ராத்திரியும் பையன் எடிட் பண்ணினால் அதே சிக்கல் திரும்ப வரும். அதனால் டிஸ்க்கில் பிஎஃப்கியூவை எடுத்துவிடாதீர்கள், மாற்றும் வேலையை, டிஸ்க் முன்னுரிமையை மாற்றும் ஐயோநைஸ் கட்டளையில், டிஸ்க் சும்மா இருக்கும்போது மட்டும் ஓடும் ஐடில் வகுப்பில் ஓட்டுங்கள். என்விஎம்இக்கு மட்டும் ஷெட்யூலர் 'நன்' (எதுவும் வேண்டாம்) என்றே இருக்கட்டும்.