1,800 கி.மீ. தள்ளி வீடு மாற்றுகிறோம்: எதை ஏற்றுவது, எதை விடுவது?

மூன்றாம்மாடி

வணக்கம். கணவருக்கு வேலை மாறியிருக்கிறது. இப்போது இருக்கும் நகரத்திலிருந்து சுமார் 1,800 கி.மீ. தள்ளி இன்னொரு பெரிய நகரத்துக்குப் போகிறோம், இன்னும் 7 வாரம்தான் இருக்கிறது. இரண்டு படுக்கையறை வீடு, மூன்றாவது மாடி, லிஃப்ட் உண்டு ஆனால் நாலு பேர் நின்றாலே மூச்சு முட்டும். 9 வயதில் பையன், 4 வயதில் பெண். இதற்கு முன்பும் வீடு மாற்றியிருக்கிறோம், ஆனால் எல்லாம் ஒரே ஊருக்குள். சின்ன வண்டியில் நாலு நடை அடித்தோம், மறந்துபோனதை மறுநாள் போய் எடுத்துக்கொண்டோம். இந்தத் தடவை அது நடக்காது, அதுதான் பயம்.

மூன்று இடத்தில் கொட்டேஷன் கேட்டேன். இரண்டு பேர் வீட்டுக்கு வந்து அலமாரியெல்லாம் திறந்து பார்த்துவிட்டுச் சொன்ன தொகை கிட்டத்தட்ட ஒன்று. மூன்றாமவர் போனிலேயே எத்தனை ரூம் என்று மட்டும் கேட்டுவிட்டு, அதில் பாதிக்கும் குறைவாகச் சொல்கிறார், ஆனால் அட்வான்ஸை இன்றைக்கே போட்டால்தான் தேதி கிடைக்குமாம். வீட்டுக்காரருக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது!

சாமான் என்று பார்த்தால் 8 வருடப் பழைய ஃபிரிட்ஜ், 3 வருடம் ஆன ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷின், ஒரு ஸ்ப்ளிட் ஏசி, பார்ட்டிகிள் போர்டு கட்டில் ஒன்று, சோபா, நானூறு புத்தகம் இருக்கும், அப்புறம் அப்பா வைத்திருந்த கால்மிதி தையல் மெஷின். இதில் எதை விற்கலாம், எதை எடுத்துப் போகலாம்? வண்டி போய்ச்சேர 6 முதல் 12 நாள் ஆகலாம் என்கிறார்கள், அந்த இடைவெளியில் குழந்தைகளோடு வெறும் வீட்டில் என்ன செய்வது?

லோடுக்கணக்கு

பன்னிரண்டு வருடம் இந்தத் தொழிலில் இருந்தவன், இப்போது இல்லை, அதனால் யாருக்கும் வக்காலத்து வாங்க வேண்டியதில்லை.

முதலில் அந்த மூன்றாமவரை விடுங்கள். ரூம் எண்ணிக்கையை வைத்து யாரும் லோடு சொல்ல முடியாது. இரண்டு படுக்கையறை வீட்டுச் சாமான் பொதுவாக 20 முதல் 30 கன மீட்டருக்குள் வரும், ஒரு 20 அடி கன்டெய்னரின் உள்ளளவே சுமார் 33 கன மீட்டர்தான், அதனால் உங்கள் வீடு அதில் முக்கால்வாசியா முழுசா என்பதை வந்து பார்த்தவன்தான் சொல்வான், குறைந்தபட்சம் வீடியோவில் ஒவ்வொரு அறையாகக் காட்டச் சொல்லிப் பார்த்தவன். பார்க்காமல் குறைத்துச் சொல்பவர் கடைசியில் என்ன செய்வார் தெரியுமா, பாதி ஏற்றியபிறகு 'சொன்னதைவிட அதிகம் இருக்கே' என்பார், இல்லை என்றால் அங்கே போய் நிறுத்திக்கொண்டு இறக்குவதற்கு முன் கூடுதல் பணம் கேட்பார். சாமான் அவர் கையில், நீங்கள் வெறும் தரையில். பேரம் யார் பக்கம் சாயும்?

மற்ற இரண்டு பேரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான், ஆனால் அழுத்திக் கேளுங்கள். தனி வண்டியா, இன்னொருவர் சாமானோடு சேர்த்தா? 6 முதல் 12 நாள் என்று சொல்வதைப் பார்த்தால் சேர்த்துதான். அதில் தப்பில்லை, செலவு குறையும். ஆனால் நடுவில் ஒரு கிடங்கில் இறக்கி வேறு வண்டிக்கு மாற்றுவார்கள், ஒவ்வொரு தடவை ஏற்றி இறக்கும்போதும்தான் பொருள் உடைகிறது, தொலைகிறது. ஓடுகிற வண்டியில் உடைவது அதைவிடக் குறைவு. நாள் முக்கியம் என்றால் தனி வண்டி, பணம் முக்கியம் என்றால் சேர்ந்த வண்டி. எதுவானாலும் எந்த நாளுக்குள், தாமதமானால் என்ன என்பதை எழுத்தில் வாங்குங்கள். படி ஏறும் கூலி, பெரிய லாரி தெருவுக்குள் வர முடியாவிட்டால் சின்ன வண்டிக்கு மாற்றும் கூலி, இரண்டும் அதில் அடக்கமா என்றும் கேளுங்கள். நீங்கள் இப்போது இருக்கும் தெருவை மட்டும் யோசிப்பீர்கள், போகிற இடத்துத் தெரு எப்படி, லிஃப்டில் சாமான் ஏற்ற விடுவார்களா, எந்த நேரத்தில் விடுவார்கள், இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. வண்டி வாசலில் நிற்கும்போதுதான் தெரியும்.

அப்புறம் பட்டியல். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு எண், நோட்டில் அந்த எண்ணுக்கு எதிரே உள்ளே என்ன என்று எழுதுங்கள், பெட்டியின் மேல் எண்ணை மட்டும் போடுங்கள். 'லேப்டாப்', 'வெள்ளி' என்று பெட்டி மேலேயே எழுதி வைப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மேல்பக்கம் எழுதினால் அடுக்கியபிறகு தெரியாது, இரண்டு பக்கவாட்டில் எழுத வேண்டும். ஏற்றும்போது அவர்கள் தரும் பட்டியலில் 'கீறல் உண்டு' 'பழையது' என்று எல்லாவற்றுக்கும் எழுதியிருப்பார்கள், நின்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இறக்கும்போதும் எண்ணை ஒவ்வொன்றாக அடித்துச் சரிபார்த்தபிறகுதான் கையெழுத்து.

புத்தகப்பூச்சி77

நானூறு புத்தகமா, வாழ்த்துகள், உங்கள் லோடுமேன்கள் உங்களை மறக்க மாட்டார்கள். பெரிய பெட்டியில் புத்தகம் அடுக்காதீர்கள், அவ்வளவுதான் என் அறிவுரை. அடுக்கில் ஒரு மீட்டர் நீளத்துக்கு நிற்கிற புத்தகமே 25 கிலோ பக்கம் வரும். நான் டிவி வந்த பெட்டி காலியாக இருக்கிறதே என்று அதில் போட்டேன், தூக்கும்போது அடி பிய்ந்து படிக்கட்டு முழுக்கக் கொட்டியது. சின்னப் பெட்டி, 15 கிலோவுக்கு மேல் வேண்டாம், அடியில் டேப் இரட்டையாக. புத்தகம் மட்டும் தனியாகப் பார்சலில் போகட்டும் என்றால் எடைக்கு என்ன ஆகும் என்று விசாரியுங்கள், லாரியில் இடத்துக்குக் காசு வாங்குகிறார்கள் என்றால் புத்தகம் அதில் போவதே லாபம், இடம் குறைவு எடைதான் அதிகம்.

ஃபிரிட்ஜை விற்றுவிடுங்கள். எல்லாவற்றையும் விற்றுவிடுங்கள் என்பேன். நான் அடுத்த தடவை இரண்டு பெட்டியோடு போனேன், நிம்மதி.

திருகாணி

புத்தகப்பூச்சி, தனி ஆளுக்கு அது சரி. நாலு பேர் வீட்டில் எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் போனால் பாத்திரம் பக்கெட்டிலிருந்து வாங்க வேண்டும், அந்தச் சில்லறை வாங்கல் கூட்டிப் பார்த்தால்தான் தெரியும். நான் போடும் கணக்கு: அந்தப் பொருளைப் புதிதாக வாங்க ஆகும் செலவில், விற்றால் கிடைப்பதைக் கழியுங்கள். வண்டியில் அது அடைக்கும் இடத்துக்கான கூலி அதைவிட அதிகமா குறைவா? இப்படிப் பார்த்தால் சோபாவும் மெத்தையும்தான் பெரும்பாலும் தோற்கும், ஏனென்றால் அவை காற்றை அடைத்துக்கொண்டு போகிற சாமான். 8 வருட ஃபிரிட்ஜ் விற்கலாம். வாஷிங் மெஷின் எடுத்துப்போங்கள்.

ஆனால் அதை அப்படியே ஏற்ற விடாதீர்கள். ஃப்ரண்ட் லோடு மெஷின் வாங்கும்போது பின்பக்கம் மூன்றோ நாலோ நீளமான போல்ட் போட்டு வந்திருக்கும், உள்ளே ஸ்பிரிங்கில் தொங்கும் டிரம் ஆடாமல் பிடித்து வைக்க. இன்ஸ்டால் செய்ய வந்தவர் கழற்றிக் கையில் கொடுத்திருப்பார். அதைத் திரும்ப மாட்டாமல் 1,800 கி.மீ. போனால் டிரம் உள்ளே இடித்துக்கொண்டே போகும், சஸ்பென்ஷன் போய்விடும். அங்கே போனதும் கழற்றாமல் ஓட்டினால் மெஷின் சமையலறையைச் சுற்றி நடக்கும், அதுவும் செய்திருக்கிறேன்.

ஒருவேளை ஃபிரிட்ஜை எடுத்துப்போவதாக இருந்தால், முந்தின நாளே அணைத்து, ஐஸ் உருகி, உள்ளே துடைத்து, நன்றாகக் காய வேண்டும். ஈரத்தோடு பத்து நாள் மூடிக்கிடந்தால் திறக்கும்போது பூஞ்சை வாசனைதான் வரவேற்கும். நிற்க வைத்தே போக வேண்டும். படுக்க வைத்தால் கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்க்குள் ஓடிவிடும், அப்படிப் படுத்துதான் வந்தது என்று தெரிந்தால் ஒரு நாள் நிமிர்த்தி வைத்துவிட்டுப் பிறகு போடுங்கள். டிவியும் அப்படித்தான், நின்றபடி, ஒருபோதும் படுக்க வேண்டாம்.

ஏசியை லோடுமேன் கழற்றக்கூடாது. மெக்கானிக் வந்து கேஸை அவுட்டோர் யூனிட்டுக்குள் இழுத்துப் பூட்டிவிட்டுத்தான் குழாயைப் பிரிக்க வேண்டும். பார்ட்டிகிள் போர்டு கட்டில் ஒரு தடவை பிரித்து மாட்டினாலே ஸ்க்ரூ ஓட்டை தளர்ந்துவிடும், இது ஏற்கெனவே ஒரு வீடு மாறிய கட்டில் என்றால் இன்னொரு பயணம் தாங்காது. விட்டுவிடுங்கள்.

தையல் மெஷினைப் பற்றி இவர்கள் யாரும் பேசவில்லை. அதைக் கண்டிப்பாக எடுத்துப்போங்கள், அதற்கு நான் சொன்ன கணக்கு கிடையாது.

இரண்டுவால்

குழந்தைகள் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன், எனக்கும் இரண்டு.

சாமான் வரும் வரை என்பதை 12 நாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள், 6 என்று நினைத்துப் போனால் ஏழாம் நாளிலிருந்து அழுகை உங்களுக்குத்தான். நாங்கள் சாமானை அனுப்பிவிட்டு நாலு நாள் உறவினர் வீட்டில் இருந்துவிட்டு அப்புறம் கிளம்பினோம், அந்த நாலு நாள் வெறும் வீட்டில் இருக்கும் நாளைக் குறைத்தது. முடிந்தால் புது வீட்டு வாடகை தொடங்கும் நாளும் பழையது முடியும் நாளும் ஒரு வாரமாவது ஒன்றின்மேல் ஒன்று படியட்டும். மாதக் கடைசியைத் தவிர்க்கப் பாருங்கள், அந்த நாளில்தான் எல்லோரும் காலி செய்வார்கள், நல்ல ஆட்கள் கிடைக்க மாட்டார்கள்.

உங்களோடு வருகிற பெட்டியில் சான்றிதழ்கள், பள்ளி மாற்றுச் சான்று, தடுப்பூசி அட்டை, நகை, மருந்து, ஹார்ட் டிஸ்க். இவை எதுவும் லாரியில் ஏறக்கூடாது. இன்னொரு பையில் ஒவ்வொருவருக்கும் போர்வை, ஒரு சின்னப் பாத்திரம், சார்ஜர், ஸ்க்ரூ டிரைவர், டாய்லெட் சாமான். பிரிக்கும் மரச்சாமானின் ஸ்க்ரூக்களை ஜிப் பையில் போட்டு அந்தச் சாமான் மேலேயே ஒட்டுங்கள். நாங்கள் எல்லா ஸ்க்ரூவையும் 'பத்திரமாக' ஒரே டப்பாவில் போட்டோம், அந்த டப்பா மட்டும் வரவில்லை. மூன்று மாதம் மெத்தை தரையில்.

நாலு வயதுப் பெண்ணின் பொம்மைகளை அவள் கண் முன்னால் மூட்டை கட்டாதீர்கள், கட்டினால் அதில் அவளுக்குப் பிடித்த ஒன்று கையிலேயே இருக்கட்டும். பையனுக்கு ஒரு பெட்டி கொடுத்து நீயே அடுக்கு, நீயே எண் போடு என்று சொல்லுங்கள். என் மகன் அதில் பாதி கூழாங்கல் போட்டிருந்தான். எடுத்துக்கொண்டுதான் போனோம்.

இன்ஷூரன்ஸ் பற்றி ஒன்று. எங்களுக்குக் கண்ணாடிச் சாமான் ஒரு பெட்டி முழுக்க உடைந்தது, கேட்டால் 'இது நீங்கள் கட்டிய பெட்டி, நாங்கள் கட்டியது மட்டும்தான் கணக்கு' என்றார்கள். கையெழுத்துப் போட்ட தாளில் அப்படியே இருந்தது, படிக்காதது என் தப்பு. உடைகிற சாமானை மட்டும் அவர்களையே கட்டச் சொல்லுங்கள், துணியும் பாத்திரமும் நீங்கள் கட்டலாம். தட்டுகளைக் குறுக்காக நிற்க வைக்கிறார்களா என்று பாருங்கள், ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்தால் அடித்தட்டுதான் மொத்தத்தையும் சுமக்கும்.

மூன்றாம்மாடி

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வீட்டுக்காரரைப் படிக்க வைத்தேன். மூன்றாமவருக்கு போன் செய்து 'வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்' என்றார், அதற்கு 'நம்பிக்கை இல்லையென்றால் வேண்டாம்' என்று வைத்துவிட்டாராம். அதோடு முடிந்தது.

ஃபிரிட்ஜ், கட்டில், சோபா விற்கிறோம். தனி வண்டி கட்டுப்படியாகவில்லை, சேர்ந்த வண்டிதான், ஆனால் 12 நாள் என்று எழுதி வாங்கியாயிற்று, புது வீட்டுக் கட்டடத்திலும் கேட்டேன், லிஃப்டில் சாமான் ஏற்ற மதியம் 2 மணிக்கு மேல்தான் விடுவார்களாம், நல்லவேளை கேட்டேன்!

இரண்டு சந்தேகம். வாஷிங் மெஷின் போல்ட்டை வீடு முழுக்கத் தேடிவிட்டேன், இல்லை. தையல் மெஷினை எப்படி அனுப்புவது? ஸ்டாண்டோடு அப்படியே ஏற்றலாம் என்கிறார் அவர்களின் ஆள்.

லோடுக்கணக்கு

போல்ட் எல்லா மெஷினுக்கும் ஒன்றில்லை. மாடல் நம்பரைச் சொல்லி அந்தக் கம்பெனி சர்வீஸில் கேட்டால் செட்டாகக் கிடைக்கும், இன்றைக்கே சொல்லிவையுங்கள், வர நாளாகலாம். கயிறு கட்டினால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், கயிறு வெளியே, ஆடுவது உள்ளே.

திருகாணி

ஸ்டாண்டோடு வேண்டாம். அந்த ஸ்டாண்ட் வார்ப்பிரும்பு, பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும், ஆனால் வளையாது, ஒரு குத்து விழுந்தால் கால் விரிசல் விட்டு உடைந்துவிடும், சாதாரண வெல்டிங்கில் சரியாக ஒட்டாது. முதலில் சக்கரத்திலிருந்து தோல் பெல்ட்டைக் கழற்றுங்கள். தலையைப் பின்பக்கம் சாய்த்துப் பார்த்தால் பலகையோடு பிடித்திருக்கும் இரண்டு கீல் தெரியும், அவற்றின் சின்ன ஸ்க்ரூவைத் தளர்த்தினால் தலை தனியாக வந்துவிடும். பத்து கிலோவுக்கு மேல் இருக்கும், இரண்டு பேராகப் பிடியுங்கள். ஊசியைக் கழற்றி, பழைய போர்வையில் சுற்றி, தலைக்கு மட்டும் தனிப் பெட்டி. பலகையைப் பிரித்து, ஸ்டாண்டின் கால்களுக்குத் தடித்த அட்டை சுற்றி, அதன் மேல் வேறு எதையும் அடுக்கக்கூடாது என்று ஏற்றும்போது நீங்களே நின்று சொல்லுங்கள். கீல் ஸ்க்ரூ இரண்டையும் இரண்டுவால் சொன்ன மாதிரி ஜிப் பையில் போட்டு, லாரியில் வேண்டாம், உங்கள் கைப்பையில்.