இங்கிலாந்தில் ஜிசிஎஸ்இ கிரேடும் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இடமும்: புதிதாய் வந்த பெற்றோருக்கு

"பத்தாவது மார்க்கை யாரு அக்கா பார்க்கப்போறா? பன்னிரண்டாவதுல பார்த்துக்கலாம்." திருச்சியிலிருந்து குடும்பத்தோடு இங்கே வந்த புதிதில் என் தம்பி சொன்னது இது. பையனுக்கு அப்போது 14 வயது. இயர் 10இல் சேர்த்திருந்தார்கள்.

தம்பி சொன்னதில் தப்பில்லை, நம் ஊர்க் கணக்குப்படி. தமிழ்நாட்டு இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, மொத்தம் 200க்குக் கட்ஆஃப். அந்தக் கட்ஆஃபில் பத்தாவது சேராது. இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கும் ஏ/எல் எனும் உயர்தரத் தேர்வின் இசட் ஸ்கோர்தான் எல்லாம். அந்தப் பழக்கத்திலேயே இங்கும் இருந்துவிடுகிறோம். இங்கே வரிசையே வேறு: இயர் 11 முடிவில், பதினாறு வயதில், ஜிசிஎஸ்இ என்ற பொதுத்தேர்வு; இயர் 13 முடிவில் ஏ லெவல் தேர்வு. (நான் சொல்வது இங்கிலாந்துப் பள்ளிகளுக்கு. ஸ்காட்லாந்தில் முறை வேறு.)

முதலில் தேதியைப் பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜுக்கும், எந்தப் பல்கலைக்கழகமானாலும் மருத்துவத்துக்கும், யூகாஸ் (பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப அமைப்பு) விண்ணப்பம் போய்ச்சேர வேண்டிய கடைசி நாள் இயர் 13இன் அக்டோபர் 15. ஏ லெவல் தேர்வோ அடுத்த மே, ஜூனில்தான். நேர்காணல் டிசம்பர், ஆஃபர் ஜனவரி. இடம் தருவதா வேண்டாமா என்று அவர்கள் முடிவெடுக்கும்போது பிள்ளையின் ஏ லெவல் மதிப்பெண் என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது. ஆசிரியர் ஊகித்துத் தரும் பிரெடிக்டெட் கிரேடு இருக்கும், அவ்வளவுதான். முன்பு இயர் 12 முடிவில் ஏஎஸ் என்று ஒரு பொதுத்தேர்வு கைகொடுத்தது. 2015இல் தொடங்கிய மாற்றத்துக்குப் பிறகு அது ஏ லெவலோடு சேராத தனித் தேர்வாகிவிட்டது, பெரும்பாலான பள்ளிகள் எழுதவைப்பதே இல்லை. ஆகவே அந்த விண்ணப்பத்தில் உண்மையாக எழுதி, திருத்தி, வெளிவந்த பொதுத்தேர்வு முடிவு பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஜிசிஎஸ்இ ஒன்றுதான். பதினாறு வயதில் எழுதியது பதினேழு வயதில் அவர்களுக்காகப் பேசுகிறது.

அதற்காக எல்லாவற்றிலும் 9 வாங்கினால்தான் இடம் என்று பிள்ளையை வதைக்கவும் வேண்டாம். கேம்பிரிட்ஜ் பொதுவாகக் குறைந்தபட்ச ஜிசிஎஸ்இ கிரேடு என்று எதையும் கேட்பதில்லை. பார்க்கிறார்கள், ஆனால் அந்தப் பள்ளியின் நிலையோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டு இதை இன்னும் வெளிப்படையாகச் செய்கிறது: பிள்ளையின் கிரேடை, அவள் படித்த பள்ளியின் பொதுவான தேர்ச்சி நிலையோடு ஒப்பிடுகிறது. பாதிப் பேர் 5ஐத் தாண்டத் திணறும் பள்ளியில் ஆறு பாடத்தில் 8 வாங்கிய பெண்ணும், எல்லாரும் 8, 9 வாங்கும் கட்டணப் பள்ளியில் அதே கிரேடு வாங்கிய பெண்ணும் அவர்கள் கண்ணுக்கு ஒன்றல்ல. இது எனக்குத் தெரியாத காலத்தில், நல்ல பள்ளி என்று பெயர் கேட்டு வீடு மாற்ற நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

கிரேடைப் பற்றி இரண்டு வரி. 9தான் உச்சம், 1 அடிமட்டம். 4 வாங்கினால் தேர்ச்சி. 7 என்பது பழைய 'ஏ'க்குச் சமமான தொடக்கம். 9 பழைய ஏ ஸ்டாரையும் விடக் கடினம். ஊருக்கு போனில் "பிள்ளை 7தான் வாங்கியிருக்கு" என்று சொல்லும்போது பிள்ளை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும். 7 நல்ல கிரேடு.

இப்போது என் தம்பி மகன் கதைக்கு வருகிறேன். இதை எல்லாரும் கட்டாயம் படியுங்கள்.

இங்கே கணக்குக்கும் அறிவியலுக்கும் ஒரே வினாத்தாள் இல்லை. ஃபவுண்டேஷன் டியர் (எளிய நிலை), ஹையர் டியர் (உயர் நிலை) என்று இரண்டு உண்டு. ஃபவுண்டேஷன் எழுதினால் எத்தனை சரியாக எழுதினாலும் அதிகபட்சம் 5. நூற்றுக்கு நூறு வாங்கினாலும் 5தான். அவன் வந்த புதிதில் ஆங்கிலம் பேசக் கூச்சப்பட்டு வாய் திறக்காமல் இருந்தான். வகுப்பில் பேசாத பிள்ளையைக் கணக்கில் கீழ் செட்டில் (திறன்படி பிரிக்கும் குழு) போட்டுவிட்டார்கள். அந்த செட் முழுவதும் ஃபவுண்டேஷன். வீட்டுக்குக் கடிதம் வந்தது, அதில் அந்த வார்த்தையும் இருந்தது. தம்பிக்கு அதன் பொருள் தெரியவில்லை. "ஃபவுண்டேஷன்னா அடிப்படை நல்லா சொல்லிக்கொடுப்பாங்க போல" என்று நினைத்துக்கொண்டான்.

ஊரில் ஒன்பதாவதில் அவன் போட்ட கணக்கு நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நானும் தம்பியும் பள்ளிக்குப் போனோம். ஏன் கீழே போட்டீர்கள் என்று சண்டை பிடிக்கவில்லை. "ஒரு ஹையர் பேப்பரை அவனுக்குக் கொடுத்துப் பாருங்கள்" என்று மட்டும் கேட்டோம். கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் செட் மாறியது. முடிவில் 8 வாங்கினான். அந்தக் கடிதத்தை நான் பார்க்காமல் விட்டிருந்தால் 5 வாங்கியிருப்பான். 5ஐ வைத்துக்கொண்டு ஏ லெவல் கணக்கு எடுக்க எந்தப் பள்ளியும் விடுவது அரிது. கணக்கு இல்லாமல் இன்ஜினியரிங் இல்லை. இயர் 10இல் யாரோ ஒருவர் போட்ட பட்டியலில் அவனுடைய வழி அடைந்துபோயிருக்கும். இதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு படபடக்கும். அதனால் சொல்கிறேன்: பெற்றோர் சந்திப்புக்குப் போனால் "நன்றாகப் படிக்கிறானா?" என்று கேட்காதீர்கள், எல்லாருக்கும் "ஓ, நல்ல பையன்" என்றே பதில் வரும். "எந்த டியர்?" என்று கேளுங்கள்.

ஆங்கில மொழிக்கும் இலக்கியத்துக்கும் டியர் கிடையாது. அறிவியலை மூன்று தனிப் பாடமாக எடுக்காமல் மூன்றையும் சேர்த்த கம்பைண்டாக எடுத்தால் மருத்துவம் போச்சு என்று நம்மவர்கள் பதறுவார்கள். அந்தப் பதற்றம் தேவையில்லை. ஆனால் கம்பைண்டிலும் ஹையர் டியரா என்று பாருங்கள்.

ஜிசிஎஸ்இ திறக்கும் முதல் கதவு பல்கலைக்கழகம் அல்ல, இயர் 12, 13 படிக்கும் சிக்ஸ்த் ஃபார்ம். பதினாறு வயதில் பள்ளி மாறலாம் என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. ஈஸ்ட் ஹாமில், நம் கடைகளும் கோயிலும் இருக்கும் அதே வட்டாரத்தில், பிராம்ப்டன் மேனர் அகாடமி என்ற அரசுப் பள்ளி இருக்கிறது. 2021இல் அதன் மாணவர்கள் 55 பேருக்கு ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் ஆஃபர் கிடைத்தது. அதே ஆண்டு பெயர்பெற்ற கட்டணப் பள்ளியான ஈட்டனுக்கு 48. கட்டணம் இல்லாத பள்ளி. ஆனால் அதன் சிக்ஸ்த் ஃபார்முக்குள் நுழைய உயர்ந்த ஜிசிஎஸ்இ கிரேடு வேண்டும், போட்டியும் கடுமை. இப்படிப்பட்ட இடங்களுக்கு இயர் 11 பாதியிலேயே விண்ணப்பிக்க வேண்டும், ஆகஸ்ட் முடிவு வந்த பிறகு ஓடினால் நேரம் போதாது. இன்னொன்று, பிரெடிக்டெட் கிரேடு போடும்போது பல பள்ளிகள் ஜிசிஎஸ்இயையும் இயர் 12 இறுதித் தேர்வையும்தான் எடுத்து வைத்துக்கொள்கின்றன. கேம்பிரிட்ஜில் அறிவியல் பாடங்களுக்கு வழக்கமான ஆஃபர் கேட்கும் ஏ லெவல் கிரேடு ஏ ஸ்டார், ஏ ஸ்டார், ஏ. பிரெடிக்‌ஷன் அதற்குக் கீழே இருந்தால் விண்ணப்பமே பலவீனமாகிவிடும்.

பாடத்துக்குப் பாடம் கிரேடின் எடை மாறும். ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவத்தில் நேர்காணலுக்கு ஆள் பொறுக்கும்போது ஜிசிஎஸ்இயும் மருத்துவ நுழைவுத் தேர்வான யூகேட் மதிப்பெண்ணும் சேர்ந்தே பேசுகின்றன. அங்கே 8, 9 எத்தனை என்பது நேராகக் கணக்கில் வரும். கேம்பிரிட்ஜ் கணிதத்தில் கதை வேறு: ஸ்டெப் என்ற கணிதத் தேர்வும் நேர்காணலும்தான் மலை, இலக்கியத்தில் 6 வாங்கியதை அங்கே யாரும் தூக்கிப் பிடிக்கப்போவதில்லை. கேம்பிரிட்ஜ் இன்ஜினியரிங்குக்கு 2024இலிருந்து ஈசாட் என்ற தேர்வு உண்டு. அக்டோபரில் எழுத செப்டம்பரிலேயே பிள்ளையே பதிவு செய்ய வேண்டும், பள்ளி செய்யும் என்று காத்திருக்காதீர்கள். என் மகளுக்கு ஜிசிஎஸ்இயில் ஆறு 8, இரண்டு 7, ஆங்கில இலக்கியத்தில் 6. நேர்காணலில் அந்த 6 பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. ஒரு பாலம் ஏன் வளைகிறது என்றே அரை மணி நேரம் பேசவைத்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டில் ஒன்றுக்குத்தான் ஒரே ஆண்டில் விண்ணப்பிக்க முடியும் என்பதால், தேர்வு செய்யுமுன் அவர்கள் இணையதளத்தில் பாடப் பக்கத்தைப் படித்து எது எதற்கு எடை என்று பாருங்கள். அவள் அப்படித்தான் கேம்பிரிட்ஜைத் தேர்ந்தாள். இடமும் கிடைத்தது.

முடிவு வந்தபின் ஒரு கிரேடு நியாயமாகப் படவில்லையென்றால் மறுதிருத்தத்துக்குப் பள்ளி வழியாகத்தான் கேட்க முடியும், நாம் நேரடியாகக் கேட்க முடியாது. ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும்.

தம்பி குடும்பத்துக்கு வந்த அடுத்த சோதனை கிரேடால் அல்ல, விசாவால். டிபெண்டன்ட் விசாவில் (பெற்றோரின் விசாவைச் சார்ந்தது) இருக்கும் பிள்ளை பொதுவாக வெளிநாட்டு மாணவர் கட்டணத்தில்தான் வரும். உள்நாட்டுக் கட்டணத்துக்கு இரண்டு முக்கிய நிபந்தனை: படிப்பு தொடங்கும் கல்வியாண்டின் முதல் நாளில், இலையுதிர்காலப் படிப்பென்றால் செப்டம்பர் 1இல், இங்கே நிரந்தரமாகத் தங்கும் அனுமதி கையில் இருக்க வேண்டும், அதற்கு முன் மூன்று ஆண்டு இங்கே வசித்திருக்க வேண்டும். உள்நாட்டுக் கட்டணம் 2025-26இல் 9,535 பவுண்டு. வெளிநாட்டுக் கட்டணம் பல மடங்கு. மருத்துவத்தில் இது பணத்தோடு நிற்பதில்லை. வெளிநாட்டு மாணவர் இடம் 7.5 சதவீதம் என்று அரசு கட்டுப்படுத்தியிருப்பதால் அதே கிரேடு வைத்திருக்கும் பிள்ளையின் வாய்ப்பே சுருங்கிவிடுகிறது. அனுமதி வரும் தேதி செப்டம்பரைச் சில வாரங்கள் தாண்டியதால் தம்பி மகன் ஓர் ஆண்டு நிறுத்தி, ஏ லெவல் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பித்தான். பிள்ளை இயர் 10இல் இருக்கும்போதே உங்கள் விசா தேதியையும் அந்த செப்டம்பரையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள்.

ஒரு தங்கை என்னிடம் கேட்டிருக்கிறார்: மகள் சிபிஎஸ்இ பத்தாவது முடித்து நேராக இயர் 12இல் சேர்கிறாள், ஜிசிஎஸ்இ இல்லாதது குறையா என்று. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜைப் பொறுத்தவரை, எழுத வாய்ப்பே இல்லாத தேர்வுக்காக அவளைக் குறைத்துப் பார்க்க மாட்டார்கள்மா. பத்தாவது மதிப்பெண் பட்டியலை யூகாஸில் அப்படியே போடுங்கள், ஒளிக்க வேண்டாம். ஆனால் வேறு பல பல்கலைக்கழகங்கள் ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் ஜிசிஎஸ்இயோ அதற்கு ஈடானதோ கேட்கும். சிபிஎஸ்இ ஆங்கிலத்தை ஏற்பார்களா, ஐஇஎல்டிஎஸ் வேண்டுமா என்று யூகாஸில் போடும் ஐந்து இடங்களுக்கும் இப்போதே மின்னஞ்சல் போட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். எழுதவே வேண்டியிருந்தால் ஆங்கில மொழிக்கும் கணக்குக்கும் நவம்பரில் ஒரு வாய்ப்பு உண்டு. பள்ளியின் தேர்வு அலுவலரிடம் செப்டம்பர் முதல் வாரத்திலேயே பெயர் கொடுத்துவிடுங்கள்.