வாசிகசாலைக் கணினிகள்: பணம் கொடுக்குமுன் அரை மணித்தியாலம்

வணக்கம் உறவுகளே,

ஊரிலிருந்து திரும்பி ஒரு கிழமை ஆகிறது. வாசிகசாலைக்கு இன்னும் 4 கணினிகள் வாங்கப் பணம் சேர்ப்பதாகச் செயலாளர் அண்ணர் எழுதியிருந்தார். முன்பு கொடுத்த 6 கணினிகளையும் நேரில் பார்த்துவிட்டுப் பதில் போடலாம் என்று பொறுத்திருந்தேன். பார்த்துவிட்டேன். நான்கு ஓடுகின்றன. மற்ற இரண்டையும் பழைய வேட்டியால் போர்த்தி மூலையில் ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் ஒன்றின் தலையில் யாரோ பிள்ளையார் படத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். முன்னால் ஊதுபத்திச் சாம்பலும் கிடந்தது.

இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வைபரில் வந்த படத்தைப் பார்த்து, "நன்றாக இருக்கிறது, எடுங்கள்" என்று முதலில் எழுதியவனே நான்தான். இருபது வருடமாகக் கணினி திருத்திப் பிழைக்கிறவன் படத்தை நம்பினேன் என்று வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதனால் இந்த முறை அக்காவின் மகனையும் கூட்டிக்கொண்டு, நிலாவெளி வீதி பஸ்ஸில் திருகோணமலை டவுனுக்குப் போனேன்.

பாவித்த கணினி விற்கும் ஒரு கடை. பெயர் வேண்டாம். கடைக்காரர் மரியாதையான மனிதர், பிளேன்ரீ வாங்கித் தந்தார். மேசைக் கணினி ஒன்றை இயக்கிக் காட்டினார். ஒரு நிமிடத்துக்குள் விண்டோஸ் திறந்தது. திரை முழுக்கக் கோணேசர் கோயிலும் சுவாமி மலையும் பளிச்சென்று தெரிந்தன. மருமகன் என் முழங்கையை இடித்து, "மாமா, எடுப்போமா?" என்றான்.

பையிலிருந்த பென் டிரைவைச் செருகி, கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற சின்ன மென்பொருளைத் திறந்தேன். இலவசம்தான், நிறுவத் தேவையில்லாத வடிவமும் உண்டு. கணினி எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் வன்தட்டு தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் குறிப்பேட்டை அது வாசித்துக் காட்டும். நீல நிறத்தில், நலம் என்று வந்தது. மருமகனுக்குச் சிரிப்பு. வலது மேல் மூலையைப் பார் என்றேன். தட்டு இதுவரை ஓடிய நேரம் 41,200 மணித்தியாலம். அதற்கு மேல் இருந்த வரியில், இயக்கப்பட்ட தடவைகள் 63.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 41,200ஐ 24ஆல் பிரித்தால் 1,716 நாள், அதாவது இரவு பகலாக 4 வருடம் 8 மாதம். அவ்வளவு காலத்திலும் 63 தடவைதான் நிறுத்தி இயக்கியிருக்கிறார்கள். கந்தோரில் இருந்த கணினி என்றால் காலையில் போட்டு மாலையில் நிறுத்துவார்கள். தடவைகள் ஆயிரத்தைத் தாண்டியிருக்கும். மூடியைக் கழற்றித் தட்டின் லேபலைப் பார்த்தோம். கண்காணிப்புக் கமெராப் பதிவுப் பெட்டிகளுக்கென்றே செய்யப்படும் ரகம். எங்கோ ஒரு வாசலில் நாய் போவதையும் ஆட்டோ போவதையும் ஐந்து வருடமளவில் கண் மூடாமல் பதிந்துவிட்டு, ஓய்வுபெறும் வயதில் நம் வாசிகசாலைக்கு வேலைக்கு வர இருந்தது அது. "எனக்குத் தெரியாது தம்பி, கொழும்பிலிருந்து இப்படியேதான் வந்தது" என்றார் கடைக்காரர். நான் நம்பினேன். அவரும் படத்தைப் பார்த்துத்தான் வாங்கியிருப்பார்.

அதே பக்கத்தில் இன்னும் இரண்டு வரிகள் முக்கியம். ஒன்று, பழுதானதால் வேறு இடத்துக்கு மாற்றப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. மற்றது, மாற்றக் காத்திருக்கும் பகுதிகளின் எண்ணிக்கை. உவர் ஏறிய மூலையை விட்டுவிட்டு மிச்ச வயலை விதைப்பதுபோலத் தட்டும் கெட்ட இடத்தைத் தள்ளிவைத்து ஓடும். உவர் அந்த மூலையோடு நின்றுவிடாது என்பது தம்பலகாமத்தில் வயல் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அங்கே பூச்சியம் அல்லாத எது நின்றாலும், நிறம் மஞ்சளாக மாறியிருந்தாலும், அந்தத் தட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். கணினியின் மற்றப் பாகங்கள் நன்றாக இருந்தால் தட்டு இல்லாத விலை பேசுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். பழைய தட்டைக் கழற்றி அவரிடமே கொடுத்துவிட்டு, சுழலும் பாகம் இல்லாத புதுவகைச் சேமிப்பகமான எஸ்எஸ்டி ஒன்றைப் புதிதாக வேறாகப் பில் போட்டு வாங்கிப் பூட்டினோம். பாவித்த எஸ்எஸ்டி என்றால் மணித்தியாலத்தைவிட ஆரோக்கிய வீதத்தையும் இதுவரை எழுதப்பட்ட அளவையும் பாருங்கள். அதே மென்பொருள் அதையும் காட்டும்.

பெரும்பாலானவர்கள் கவனிக்காத இன்னொன்று, திருகாணி. நமது டவுனுக்கு ஒரு பக்கம் உள்துறைமுகம், மறுபக்கம் திறந்த கடல். வாடைக்காற்றுக் காலத்தில் யன்னல் கம்பியே உப்புப் பூத்துத் துருப்பிடிக்கிற ஊரில், வருடக்கணக்காக யன்னலோரம் இருந்த கணினி என்ன பாடுபடும்? பின்பக்கத் திருகாணிகளையும் யூஎஸ்பி துளைகளின் உள்விளிம்பையும் கைபேசி வெளிச்சத்தில் பாருங்கள். கபில நிறப் பொடி, பச்சைப் பூஞ்சணம்போன்ற படிவு தெரிந்தால் உள்ளே பாகங்களையெல்லாம் இணைக்கும் தாய்ப்பலகையிலும் அதே கதைதான். வெளியே பெற்றோல் போட்டுத் துடைத்து மினுக்கிவிடலாம். திருகாணியின் தலைக்குள் இருக்கும் துருவை யாரும் மினுக்குவதில்லை.

மடிக்கணினி என்றால் மூடியை ஒரு மூலையில் பிடித்து மெதுவாகத் திறவுங்கள். பிணைச்சல் முறுகும் சத்தம் கேட்டாலோ, பக்கத்துப் பிளாஸ்டிக் வாய் பிளந்தாலோ, திரை கழன்று வரும் நாள் தூரத்தில் இல்லை. மேசையில் வைத்து நான்கு மூலையையும் அழுத்துங்கள். ஆடினால், அல்லது தொடுதளம் மேலே புடைத்திருந்தால், பற்றரி வீங்கியிருக்கக்கூடும். அதை விலை பேசவே வேண்டாம், தீப்பிடிக்கும் சாமான் அது. வெள்ளைப் படம், கறுப்புப் படம் ஒவ்வொன்றைத் திரை முழுக்கப் போட்டுப் பாருங்கள். எல்லா எழுத்தையும் ஒருமுறை தட்டுங்கள். ஒவ்வொரு துளையிலும் பென் டிரைவைச் செருகுங்கள். சார்ஜர் முனையை மெல்ல அசைத்துப் பாருங்கள்.

பற்றரியைப் பற்றிக் கடைக்காரரின் வாயைக் கேட்காமல் கணினியையே கேட்கலாம். விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் பவர்-சிஎஃப்ஜி என்ற கட்டளையைத் தட்டி, இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, பற்றரி ரிப்போர்ட் என்பதை ஒரே சொல்லாகத் தட்டினால் ஓர் அறிக்கை எழுதி வைக்கும். எழுத்து ஆங்கிலத்தில்தான் தட்டவேண்டும், மருமகன் கடதாசியில் எழுதி வைத்திருக்கிறான். அன்று பார்த்த ஒன்றில் தொழிற்சாலைக் கொள்ளளவு 50,000 மில்லிவாட் மணி. இப்போது நிரம்பக்கூடியது 21,000. பாதிக்கும் குறைவு. "மூன்று மணித்தியாலம் நிற்கும்" என்று அதற்குச் சற்று முன்புதான் கடைக்காரர் சொல்லியிருந்தார். அறிக்கையைக் காட்டினேன். பேசாமல் 5,000 ரூபாய் குறைத்தார்.

இனி வெளிநாட்டிலிருந்து அனுப்பும் நம்மவர்களுக்கு. கோபிக்கவேண்டாம், மூலையில் இருந்த இரண்டும் ஊரில் வாங்கியவை என்றாலும் நாம் அனுப்பியவையும் குறைந்த பாடுபடுத்தவில்லை.

பிரான்சிலிருந்து வந்த மடிக்கணினி நல்ல சாமான், குறையே சொல்லமுடியாது, விசைப்பலகையைத் தவிர. அங்கே கியூ இருக்கவேண்டிய இடத்தில் ஏ இருக்கும், டபிள்யூ இருக்கவேண்டிய இடத்தில் இஸட். பள்ளியில் ஆங்கில விசைப்பலகையிலும் ரெங்கநாதன் என்ற தமிழ் விசைப்பலகை முறையிலும் பழகிய பிள்ளை இங்கே வந்து விரல் தடுமாறி, கடைசியில் ஒவ்வொரு விசையிலும் வெள்ளை பிளாஸ்ரர் ஒட்டிப் பேனையால் எழுதியிருக்கிறாள். ஜெர்மனி, சுவிஸ் கணினிகளில் வையும் இஸட்டும் இடம் மாறியிருக்கும். ஒட்டுவதற்கு எழுத்துத் தாள் விற்கிறார்கள், அனுப்பும்போது சேர்த்து வையுங்கள்.

கனடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ பழைய மேசைக் கணினி அனுப்புகிறவர்கள் பின்னால் மின்வழங்கியில் சின்னச் சிவப்பு ஆளி இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே 120 வோல்ற், ஊரில் 230 வோல்ற். ஆளி 115இல் நிற்க 230இல் செருகினால் வெடிச்சத்தம் கேட்கும், பிறகு மணம் வரும். அவ்வளவுதான். மடிக்கணினிச் சார்ஜருக்கு அந்தப் பயமில்லை. பெரும்பாலும் 100 முதல் 240 வரை என்று அதிலேயே அச்சிட்டிருக்கும்.

எல்லாவற்றிலும் மோசமானது கம்பனி விட்டுக்கழித்த மடிக்கணினி. நம்மில் ஒருவர் நல்ல மனதோடு ஏலத்தில் எடுத்து அனுப்பியது. மாசுமறு இல்லை. ஆறு மாதம் ஓடியது. விண்டோஸைப் புதிதாக நிறுவி இணையத்தோடு இணைத்ததும், கேள்விப்படாத ஒரு நிறுவனத்தின் பெயரைப் போட்டு நல்வரவு சொல்லி, அந்த நிறுவனத்தின் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கேட்டது. நிறுவனம் தன் பதிவேட்டிலிருந்து அந்தக் கணினியை நீக்காமல் விற்றிருக்கிறது. தட்டை மாற்றினாலும் இது போகாது; அவர்கள்தான் நீக்கவேண்டும். கடிதம் எழுதினோம், பதில் இல்லை. கடைசியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு ஓடவிட்டிருக்கிறேன், பிள்ளைகளுக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் வாங்கும்போதே கணினியை முழுதாக மீட்டமைத்து, இணையத்தோடு இணைத்து, முதல் அமைவுப் பக்கங்களைக் கடந்து பார்த்தால் இந்தத் தலையிடி வராது. விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பான பயாஸுக்குள் போகக் கடவுச்சொல் கேட்கும் கணினியையும் தொடாதீர்கள்.

வயதையும் பாருங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் இன்டெல் புரோசெசரில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை தொடக்கம்தான் எடுபடும். ஐ5 என்ற ஒட்டியைப் பார்த்து மயங்கவேண்டாம், அதற்குப் பிறகு வரும் எண்ணைப் பாருங்கள்: 7200 என்றால் ஏழாம் தலைமுறை, 8250 என்றால் எட்டு, 10210 என்றால் பத்து. ஒட்டியை மாற்றி ஒட்டுவதும் நடக்கிறது. விண்டோஸ் அமைப்புகளில் கணினியைப் பற்றிய பக்கத்தில் வரும் எண்ணை மட்டும் நம்புங்கள்.

மூலையில் இருந்த இரண்டுக்கும் என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஒன்றின் தட்டு செத்துவிட்டது, புதியது போட்டாயிற்று. பிள்ளையாரைச் சுமந்துகொண்டிருந்த மற்றதை இயக்கினால் விசிறி சுழலும், திரையில் ஒன்றும் வராது, பீப் என்று மூன்று தரம் கத்தும். மூடியைத் திறந்து ரேம் என்ற நினைவகப் பலகையைக் கழற்றினேன். மஞ்சளாக மினுங்கவேண்டிய பற்களில் மங்கலாக ஒரு படை. மருமகனின் அழிறப்பரை வாங்கி, வெள்ளைத் துணிமேல் வைத்து மெல்லத் தேய்த்துத் துடைத்து, திரும்பச் செருகினேன். திரை வந்தது, ஆனால் திகதி 2009 என்றது. தாய்ப்பலகையில் இருக்கும் காசுபோன்ற சிஆர்2032 பற்றரி தீர்ந்திருந்தது. பக்கத்துக் கடையில் புதியதொன்று வாங்கிப் போட்டோம். எட்டு மாதம் வேட்டிக்குள் கிடந்த கணினி அது.

படத்தை இப்போது சுவரில் மாட்டியிருக்கிறார்கள். பென் டிரைவும் சின்னத் திருப்புளியும் மருமகனிடம் இருக்கின்றன. அடுத்த நான்கையும் வாங்கப் போகும் நாளை அவனுக்கு முற்கூட்டியே சொல்லுங்கள். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறான், சனிக்கிழமை பின்னேரம்தான் அவனுக்கு வசதி.