டிசம்பரில் ஆர்வி கூரை சோலார்: இந்தக் கணக்கு சரிதானா?

வணக்கம். டிசம்பர் கடைசியில் அரிசோனாவின் குவார்ட்சைட்டில், மின் இணைப்பு இல்லாத இடத்தில் 10 நாள் ஆர்வி (வீட்டு வசதியுள்ள பயண வண்டி) நிற்க வேண்டும். கூரையில் படுக்கையாகப் பதித்த 200 வாட் பேனல் இரண்டு, எம்பிபிடி கன்ட்ரோலர் (பேனலின் உச்சத் திறனை எடுத்து பேட்டரியை சார்ஜ் செய்யும் கருவி), 12.8 வோல்ட் 200 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி.

அங்கே அப்போது நண்பகல் சூரியனே 33 டிகிரிதான் ஏறும். அதனால் நாளுக்கு 3 மணி நேர முழு வெயில் என்று வைத்தேன். 400 × 3 = 1200 வாட்-மணி. தூசி, வயர், கன்ட்ரோலர் இழப்புக்கு 25% கழித்தால் 900, அதை 12.8 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 70 ஆம்பியர்-மணி. நாள் செலவு, ஆம்பியர்-மணியில்: ஃபிரிட்ஜ் 45, ஹீட்டர் விசிறி 20, விளக்கு, போன், லேப்டாப் 20. ஆக 85. தினமும் 15 குறைகிறது. பேட்டரியில் 80% எடுத்தால் 160. பத்து நாளுக்கு மயிரிழையில் போதும். ஒரு நாள் மேகம் மூடினால் போச்சு.

தெற்கு நோக்கி 55 டிகிரி சாய்த்தால் வரவு நன்றாகவே கூடும். பாலைவனக் காற்றுக்கு எந்த மாதிரி சாய்வுக் கால்கள் நிற்கும்? ஏசி பெட்டியின் நிழல் மாலையில் ஒரு பேனலில் விழுகிறது; இரண்டையும் சீரிஸாக (தொடராக) இணைப்பதா, பேரலலாகவா (பக்க இணைப்பாகவா)? பிடபிள்யூஎம் என்ற எளிய வகை கன்ட்ரோலர் மட்டும் வேண்டாம்: 20 வோல்ட் பேனலை பேட்டரியின் 13-க்கு இழுத்து மூன்றில் ஒரு பங்கை வீணாக்கும். அந்தப் பக்கம் குளிர்காலத்தில் தங்கியவர்கள் ஒரு நாளில் உண்மையில் ஏறிய ஆம்பியர்-மணியைச் சொன்னால் பெரிய உதவி.