மறுமொழி: 'ரிங் வேக்சினேஷன்' – தமிழில் என்ன?

செ. எழுதியது:
செவிலியர் பாடநூலின் எபோலா இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நோயாளியைச் சுற்றியுள்ள ஆட்களுக்கு ஊசி போடும் 'ரிங் வேக்சினேஷன்' முறைக்கு வரைவில் 'சுற்றுத் தடுப்பூசி' என்று இருக்கிறது. போலியோ சொட்டு மருந்தில் முதல் சுற்று, இரண்டாம் சுற்று என்று பழகியவர்கள் இதையும் தவணைக் கணக்காகத்தான் படிப்பார்கள். இதுவோ ஒரே தவணை, 1 மி.லி. வேறு சொல் வேண்டும்.

ந. எழுதியது:
'வளையத் தடுப்பூசி' எல்லார் வாயிலும் வரும். ஆனால் 'வளைய' என்ற வினையெச்சத்துக்குப் பின்னும் ஒற்று மிகும். ஊசி வளையவா? போரை வகைப்படுத்தும் புறத்திணை நம் இலக்கணத்தில் இருக்கிறதே! மதில் காப்பது நொச்சி. 'நொச்சித் தடுப்பூசி' என்க.

க. எழுதியது:
ஐயா, நொச்சி என்றால் ஊரில் ஆவி பிடிக்கும் இலை. நாளைக்கே வாட்ஸ்அப்பில் 'எபோலாவுக்கு நொச்சிச் சாறு' என்று கிளம்பிவிடும். தவிர, இங்கே முற்றுகைக்கு உள்ளாவது கிருமி. அப்படியானால் மதிலை முற்றுகையிடும் உழிஞை அல்லவா?

ந. எழுதியது:
தொல்காப்பியர் நொச்சியைத் தனித் திணையாக்காமல் உழிஞைக்குள் அடக்கினார். பிரித்துக் காட்டியது பிற்கால இலக்கண நூலான புறப்பொருள் வெண்பாமாலை. எனவே இரண்டும் பொருந்தும். இலக்கியம் மறந்தவர்களுக்காகச் சொல்லை மழுக்க வேண்டாம். குறைந்தபட்சம் 'அரண் தடுப்பூசி'.

ப. எழுதியது:
அரண் வேண்டவே வேண்டாம். மாணவர் ஊரைச் சுற்றிக் கயிறு கட்டிவிடுவார். இந்த வளையம் இடத்தால் ஆனதல்ல, ஆட்களால் ஆனது. ஒருவருக்கு எபோலா உறுதியானதும் அவரோடு பழகியவர்கள், அவர் துணியையோ உடலையோ தொட்டவர்கள் முதல் அடுக்கு. அவர்களோடு பழகுகிறவர்கள் இரண்டாம் அடுக்கு. 2015-இல் மேற்கு ஆப்பிரிக்க நாடான கினியில் நடந்த ஆய்வில் ஒரு வளையத்துக்குச் சராசரியாக 80 பேர். அதில் ஒருவர் அடுத்த வீட்டில் இருப்பார். இன்னொருவர் அடக்கத்துக்கு வந்துவிட்டு வேறு மாவட்டத்துக்கே போயிருப்பார். பட்டியலில் ஒரு பெயர் விட்டுப்போனால் அந்த இடத்தில் வளையம் அறுந்தது.

'அரண்', 'காப்பு' போன்ற சொற்கள் பொய் உறுதியும் தருகின்றன. பாதுகாப்பு வரச் சுமார் 10 நாள் ஆகும். முன்பே தொற்றியவர் அதற்குள் படுத்தால் பழி ஊசிமேல் விழும். ஊசியாலும் காய்ச்சல் வரும், எபோலாவும் காய்ச்சலில்தான் தொடங்கும், சோதித்தால்தான் தெரியும். என் முன்மொழிவு: 'தொடர்புவளையத் தடுப்பூசி'.

க. எழுதியது:
நீளம். ஆனால் 'வளைய' மயக்கம் போகிறது. ஊசியின் பெயரல்ல, போடும் முறையின் பெயர் என்பதால் 'தடுப்பூசியிடல்' என்று முடிக்கலாமா?

செ. எழுதியது:
முதல் இடத்தில் 'தொடர்புவளையத் தடுப்பூசி முறை', பிறகு 'வளைய முறை'. மூன்று பேர் சம்மதம். ந. ஐயாவின் மறுப்பைக் குறித்துக்கொண்டேன்.

அடுத்த பக்கத்தில் 'ஸ்டாக்பைல்' நிற்கிறது. 2021-இல் அறிவித்த எபோலா ஊசிக் குவியல்: இருப்பது சுவிட்சர்லாந்தில், மைனஸ் 60 முதல் மைனஸ் 80 பாகைக் குளிரில். நாடு விண்ணப்பித்தால் உலக சுகாதார நிறுவனம், யுனிசெப், செஞ்சிலுவை-செம்பிறைக் கூட்டமைப்பு, எல்லைகளற்ற மருத்துவர்கள் நால்வரும் கூடி முடிவெடுப்பார்கள். 7 நாளில் கொண்டு சேர்ப்பது இலக்கு. 'கையிருப்பு' என்று போட்டிருக்கிறேன்.

ந. எழுதியது:
யார் கையில்?