பத்தாவது படிப்பும் ப்ராஜெக்டும்: நேரத்தை எப்படிப் பிரிக்கிறீர்கள்?

டெல்லி மயூர் விஹார் பக்கம் இருக்கும் பெற்றோர்களே, ஒரு யோசனை வேண்டும். மகள் சிபிஎஸ்இ பத்தாவது. பிப்ரவரியில் பொதுத்தேர்வு. எழுத்துத் தேர்வுக்கு 80, பள்ளியில் போடும் அக மதிப்பீட்டுக்கு 20. அந்த இருபதுக்காக ப்ராஜெக்ட், லேப் ரெக்கார்ட், கணக்கு ஆக்டிவிட்டி நோட்டு எல்லாம் ஒரே நேரத்தில் வந்து குவிகின்றன.

போன ஞாயிறு முழுக்க நுகர்வோர் உரிமை ப்ராஜெக்டுக்குப் படம் ஒட்டி, பார்டர் போட்டதிலேயே போய்விட்டது. (பாதி பார்டர் நான் போட்டது, வெளியில் சொல்லாதீர்கள்.) கிடைக்கப்போவது 5 மதிப்பெண். முக்கோணவியலை அன்று தொடவே இல்லை.

அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன், மூன்று நாள் தாங்கியது. காலை ஐந்துக்கு எழுப்பலாம் என்றால், டெல்லிக் குளிரில் ரஜாயை (பஞ்சுப் போர்வை) விட்டு என்னாலேயே எழ முடியவில்லை. இப்போது டைமர் வைத்து 40 நிமிடம் படிப்பு, 10 நிமிடம் ஓய்வு. அது மட்டும் பரவாயில்லை.

ப்ராஜெக்டை நீங்கள் தினம் அரை மணி நேரமாகப் பிரித்தீர்களா, குளிர்கால விடுமுறையில் மொத்தமாக முடித்தீர்களா? மாதிரி வினாத்தாள் எப்போது தொடங்கினீர்கள்? அப்புறம், "மே மாதம் இரண்டாவது தேர்வு இருக்கே" என்கிறாள். மூன்று பாடம் வரைதான் எழுதலாம் என்றாலும் காதில் விழவில்லை. இதற்கு என்ன பதில் சொல்வது?

உங்கள் பிள்ளைகளின் அட்டவணை இருந்தால் போட்டோ எடுத்துப் போடுங்களேன்.